எதிர்வீடு வரை வந்த சீர்

என் அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரத்தில் அப்பா தம் ஷிப்டை மாற்றிக்கொண்டார். பிறர் வீட்டில் இது ஒரு செய்தியாகவே இருக்காது. எங்கள் வீட்டில் இது செய்தி.

அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டினார். ஷிப்டை மாற்றிக்கொள்ள மேற்பார்வையாளரிடம் போய் நிற்க வேண்டும். நிற்பது அவருக்குப் பிடிக்காது. பள்ளியில் நான் பேச்சுப் போட்டிகளில் கலந்துகொண்ட ஒவ்வொரு முறையும் "ஷிப்டு இருக்கேம்மா" என்றார். கல்லூரியில் தமிழிலக்கியம் சேர்ந்து மேடைகள் பெரிதான பிறகும் அதே விடைதான். சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினால் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். ரேடியோவின் மேல் வைப்பார். ஒலிபெருக்கியில் என் குரல் எப்படி இருக்கும் என்பது என் தகப்பனாருக்குத் தெரியாது. ஒருமுறை அவர் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்குப் பெரிய விருப்பம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. வீட்டில் யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. சொல்லிக் கேட்டு வருவதில் என்ன இருக்கிறது என்று எண்ணினேன்.

அத்தை என்பவர் அப்பாவின் அக்கா. துறையூர்ப் பக்கத்திலிருந்து, இலங்கையின் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவருக்கு மணம் முடித்து அனுப்பப்பட்டவர். அந்தக் காலத்தில் அது அயல்நாடாகவே யாருக்கும் தோன்றவில்லையாம். தஞ்சாவூருக்குக் கட்டிக்கொடுப்பது போலத்தான். நடுவில் ஒரு கப்பல், அவ்வளவுதான். பிறகு இரண்டு அரசுகள் கூடிப் பேசி, அந்தத் தோட்டத்து மக்களில் இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று முடிவு செய்தன. அத்தையும் மாமாவும் மகளும் இந்தியாவின் பங்கில் வந்தார்கள். வயது நிரம்பித் தனியாக மனுக் கொடுத்திருந்த மூத்த மகன் இலங்கையின் பங்கில் நின்றுவிட்டான். புறப்படும் முறை வருவதற்குள் ஆண்டுகள் கழிந்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதன் பிறகு அத்தை குடும்பம் இராமேசுவரத்தில் வந்து இறங்கியது. மண்டபம் முகாமிலிருந்து அத்தையையும் மாமாவையும் நீலகிரியில் வேறொரு தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். மகளை மட்டும், படிக்கட்டும் என்று, அப்பா ஆவடிக்கு அழைத்துவந்தார்.

அவள் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். "அத்தாச்சின்னு கூப்பிடு" என்றாள் அம்மா. கூப்பிட்டேன்.

ஷிப்டு மாற்றியது அவளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக. நான் படித்த அதே மகளிர் கல்லூரியில், எனக்கு ஓராண்டு கீழே, அதே தமிழிலக்கியம். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்ட காலையில், எதிர்வீட்டு அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வெள்ளானூரில் பிறந்தவர். கணவர் அப்பாவின் தொழிற்சாலையிலேயே வேலை. அவருக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் பால்கூடக் காய்ந்ததில்லை.

"இன்னா பாப்பா, ஒங்கப்பாரு காலீல சோக்கா கெளம்பிக்கினாரு?"

"அத்தாச்சியைக் கல்லூரியில் சேர்க்க."

"அட! ஒன்ன சேக்கசொல்ல ஒங்கம்மாதான வந்துச்சி?"

அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. மீதித் தண்ணீரையும் வீசிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நானும் அவளும் ஒரே ரயிலில் போனோம். மகளிர் பெட்டியில் பட்டாபிராமிலிருந்தே இடம் பிடித்து வரும் பெண்கள், நான் நின்றபடியே வருவதை ஓராண்டாகப் பார்த்தவர்கள். அவள் ஏறிய மூன்றாம் நாள் ஒருவர் நகர்ந்து, "குந்து கண்ணு, சிலோன் பொண்ணுதான நீ?" என்றார். அவள் உட்கார்ந்தாள். பெட்டியே அவளைச் சுற்றிக்கொண்டது. குளிர் எப்படி, அட்டை கடிக்குமா, வீடு போயிற்றா என்று கேள்விகள். தோட்டத்து மக்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தைப் பற்றி அவள் சொன்னாள். விடியலில் ஆள் எண்ணிக்கை எடுக்கும் பெரட்டுக்களத்தைச் சொன்னாள். பனி இறங்கினால் பக்கத்துச் செடியில் கொழுந்து பறிப்பவளின் குரல் மட்டும் கேட்கும், ஆள் தெரியாது என்றாள். நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கேட்டேன். என்னை உறுத்தியது இருக்கை அல்ல. அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அதை எழுத நான் பனியில் நின்றிருக்க வேண்டும். அம்பத்தூருக்கும் வில்லிவாக்கத்துக்கும் இடையில் அத்தகைய பனி எதுவும் இறங்குவதில்லை.

வகுப்பிலும் அப்படியே ஆயிற்று. எந்தப் பேராசிரியையின் பாராட்டுக்காக நான் ஓராண்டு முயன்று அடிக்குறிப்பு எழுதப் பழகியிருந்தேனோ, அவரே அவளை நிறுத்திவைத்துச் தோட்டத்துச் சொற்களைக் கேட்டார். அவள் "தேத்தண்ணி" என்றாலே அவருக்கு மகிழ்ச்சி. ஒரு மக்கள் கூட்டமே இடம்பெயர்ந்ததன் தடம் அவள் பேச்சில் இருக்கிறது என்று ஆசிரியர் அறையில் சொன்னாராம். என் பேச்சில் தடம் ஏதும் இல்லை. தொழிற்சாலைக் குடியிருப்பில் தூத்துக்குடிக்காரர், சேலத்துக்காரர், வேலூர்க்காரர் எல்லோருக்கும் நடுவில் வளர்ந்து, யாருடையதுமல்லாத ஒரு துப்புரவான தமிழை நான் பேசினேன். பிழையற்றது என்று மட்டும்தான் அதைப் பாராட்ட முடியும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அப்பா அவளை, தம் ஊரில் செல்ல மகளை அழைப்பது போல, "ஆயி" என்று அழைத்தார். என்னை "ஏம்மா" என்பதே வழக்கம்.

ஐப்பசியில் ஒருநாள் சாப்பிடும்போது அப்பா பேச்சை எடுத்தார். அவள் பெரியவளானபோது அத்தை தந்தி அடித்திருந்தாராம். தாய்மாமன் சீர் கொண்டுபோய் மாலை போட வேண்டும், அதுதான் முறை. கடவுச்சீட்டும் விசாவும் வாங்கிப் போய்ச் சேர்வதற்குள் சடங்கே முடிந்துவிடும் என்று இவர் போகவில்லை.

"மாமன் வரலைன்னு, தோட்டத்துக் கங்காணி கையால மாலை வாங்கிக்கிட்டா எம்புள்ள" என்றார்.

"அதுக்கு இப்ப என்ன செய்யணுங்கிறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"செய்யணும்."

"இத்தனை வருசம் கழிச்சா? சிரிக்கப் போறாங்க."

"சிரிக்கட்டும்."

சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் எதிர்வீட்டு அக்கா. ஆனால் ஏற்பாட்டில் இருந்த சிக்கலைக் கண்டுபிடித்தவரும் அவரே. சீர் என்றால் மாமன் வீட்டிலிருந்து புறப்பட்டுப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்ணோ மாமன் வீட்டிலேயே இருக்கிறாள்.

"இன்னாண்ணா நீ, கூடத்துலருந்து சமையக்கட்டுக்கா சீர் எத்துகினு போவே? பொண்ண எங்கூட்ல குந்த வெய்யி. எங்கூடு சிலோனு, ஒங்கூடு இந்தியா. நடுவுல கீற இந்த ரோடுதான் சமுத்திரம்."

அவ்வாறே செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டுக் கூடத்தில் மணை போட்டு அவளை உட்காரவைத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து தட்டுகள் புறப்பட்டன: வாழைப்பழம், தேங்காய், பூ, பட்டுப்புடவை, வெல்லம். அப்பாவோடு வேலை செய்பவர்கள் ஆளுக்கொரு தட்டை ஏந்திக்கொண்டார்கள். பாடியிலிருந்து வந்திருந்த ஒருவர், "மாமே, பாஸ்போர்ட் வெச்சிகினியா? நடுக்கடல்ல புடிச்சிருவான்" என்றார். "விசா எங்கடா?" என்று இன்னொருவர். "தேங்கா தட்டு வெச்சிகினு கீறவன் மொதல்ல நீந்து, முங்கினா தேங்கா மெதக்கும்!" சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். பத்தடி அகலமுள்ள தார்ச்சாலையை அப்பா கடந்தார். கடக்கும்போது அவர் யாரோடும் சிரிக்கவில்லை.

கண்ணாடியும் சீப்பும் வளையலும் வைத்த தட்டு என் கையில் இருந்தது. அப்பா மாலையை அவள் கழுத்தில் போட்டார். அவள் எழுந்து அவர் காலில் விழுந்தாள். எழுப்பப் போனவர் அப்படியே நின்று அழுதார். தட்டிலிருந்த கண்ணாடி என் முகத்துக்கு நேராக இருந்தது. அதைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.

என் சடங்குக்கு என் தாய்மாமன் வரவில்லை. அவர் இருப்பது பூந்தமல்லியில். ஆவடியிலிருந்து ஒரே பஸ். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் தம்மைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று அம்மாவோடு அவருக்கு வருத்தம். யாரிடமோ ஒரு புடவையைக் கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டு அக்காவின் கணவர்தான் எனக்கு மாலை போட்டார். அதற்காக வீட்டில் யாரும் அழவில்லை. சாம்பாரில் உப்புக் குறைவு என்பதுதான் அன்றைய பேச்சு. கடல் குறுக்கே நின்றதால் வராத மாமன் ஊர் சொல்லும் கதையாகிவிடுகிறார். பஸ் ஏறாததால் வராத மாமன் பேச்சிலேயே வருவதில்லை. தட்டை இறக்கிவைத்துவிட்டு, அவள் கழுத்திலிருந்த மாலையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பா வாங்கிய மாலை அது. என் அப்பா எனக்கு மாலை போட முறையில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

எங்கள் குடியிருப்பு மன்றத்தில் ஆண்டுதோறும் குடியரசு நாளன்று மாலையில் ஒரு வழக்காடு மேடை நடக்கும். தொழிற்சாலையில் சங்கங்கள் இரண்டு. மன்றத்திலும் அதே இரண்டு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் அது கடைசியில் சங்கச் சண்டையாக முடியும். கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்று வைத்த ஆண்டில்கூட நாற்காலி பறந்தது. அதனால் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. பேசுபவர்கள் கல்லூரி மாணவர்களாக மட்டும் இருக்க வேண்டும். யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். விழுந்த சீட்டை மாற்றக்கூடாது. அந்த ஆண்டு மன்றச் செயலாளர் இன்னும் ஒரு படி முன்னே போனார். இரண்டு சங்கமும் ஒரே குரலில் பேசும் விஷயமாகத் தேடிப் பிடித்தார். "கடல் கடந்து வாழும் தன் மக்களுக்கு அரசு கடமைப்பட்டதா?" என்பது தலைப்பு.

"கடலுக்கு அந்தாண்ட சமாச்சாரம். நம்பளுக்குள்ள இதுல இன்னா சண்ட வரப்போவுது?" என்று வீடு வீடாகச் சொல்லிப் பெயர் கேட்டு வந்தார். எங்கள் வீட்டில் இரண்டு பெயர் எழுதிக்கொண்டு போனார். அப்போதும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

சொம்பில் சீட்டுப் போட்டு எடுத்த அன்று உறைத்தது. பேச வந்தவர்கள் நான்கு பேர். இருவர் பையன்கள்; அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் 'கடமை உண்டு' வந்தது. அத்தாச்சிக்குக் 'கடமை இல்லை' வந்தது. செயலாளர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீ வேணா மாத்திக்கிறியாம்மா? யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க."

"விழுந்த சீட்டு விழுந்ததுதானே அண்ணே" என்றாள் அவள். "எங்களுக்கு அது பழக்கம்."

அன்றிரவு அப்பாவுக்குச் செய்தி தெரிந்தது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீ எதுக்கு ஆயி கடமை இல்லைன்னு பேசணும்? படுற பாட்டைப் பட்டுட்டு, அதையும் நீயே சொல்லணுமா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் சீட்ட அவளுக்குக் குடுத்துட்டு அவளுது நீ எடுத்துக்கக் கூடாதா? உனக்கு எந்தக் கட்சியா இருந்தா என்ன?"

"விதி அனுமதிக்காதுப்பா" என்றேன். உண்மை அதுதான், ஆனால் விதிக்கு அன்று நான் நன்றியுடையவளாக இருந்தேன்.

அப்பா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகு, "நான் அன்னைக்கு வரேன்" என்றார். "லீவு நாள்தானே."

எல்லாக் குடியரசு நாளும் லீவு நாள்தான். அதற்கு முந்தைய ஆண்டு அதே மேடையில் நான் பேசியபோது அவர் ஓவர்டைமுக்குப் போயிருந்தார். ஆனாலும் வருகிறேன் என்றாரே, எதற்காக வந்தாலும் காது ஒன்றுதானே என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் அமர்ந்திருக்கும் மேடையில் நான் அவளைவிட நன்றாகப் பேசிவிட்டால் போதும். அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆவடிக் கிளை நூலகத்தில் அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு ஒன்று இருந்தது. குடியுரிமைப் பகுதியை வரிவரியாகப் படித்தேன். எட்டாவது பிரிவில் நான் தேடியது கிடைத்தது. இந்தியாவுக்கு வெளியே வாழ்பவர் ஆனாலும், அவரோ அவருடைய பெற்றோரோ, பெற்றோரைப் பெற்றோரோ இந்தியாவில் பிறந்திருந்தால், அவர் வாழும் நாட்டில் உள்ள நம் தூதரிடம் பதிந்துகொண்டு குடிமகனாகலாம் என்று அது சொன்னது. மூன்று தலைமுறை வரை கதவு திறந்திருக்கிறது. கதவு வைத்தவனுக்குத் திறக்கும் கடமை உண்டு என்று என் வாதத்தைக் கட்டினேன்.

பொங்கல் கழிந்த வாரம் அது. அவள் அடுத்த அறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா புள்ள இவ்வளவு எழுதுற?"

"குறிப்பு."

"எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் தானம் பண்ணேன்."

மறைப்பது சிறுமை என்று பட்டதால் எட்டாவது பிரிவை வாசித்துக் காட்டினேன். அவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பிடியா எழுதியிருக்கு? எங்க லயத்துல ஒருத்தருக்கும் தெரியாதே இது!" என்று சிரித்தாள். அவளுடைய அம்மா துறையூரில் பிறந்தவர் என்பது இருவருக்குமே அப்போது நினைவிருந்தது.

"நீ என்ன பேசப் போறே?" என்று கேட்டேன்.

"தெரியல. எந்திரிச்சு நின்னா வரும்."

எழுந்து நின்றால் வரும் என்பவர்களை நான் என்றும் மன்னித்ததில்லை. எனக்கு எதுவும் நின்றவுடன் வந்ததில்லை. உட்கார்ந்து, அடித்து, திருத்தி, மறுபடி எழுதிய பிறகே வரும்.

குடியரசு நாள் மாலை மன்றக் கூடம் நிரம்பியிருந்தது. அப்பா மூன்றாம் வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். தலைக்கு எண்ணெய் தடவி வாரியிருந்தார். நடுவர்கள் இருவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும், தொழிற்சாலை அதிகாரி ஒருவரும். முதலில் நான் பேசினேன். எட்டாவது பிரிவைச் சொன்னேன். ஆளப்படுபவருக்கு மட்டும்தான் அரசு கடமைப்பட்டது என்றால், வெளியே வாழ்பவனுக்கு அரசமைப்பு ஏன் கதவு வைத்தது என்று கேட்டேன். ஒரு சொல் தடுக்கவில்லை. கைதட்டினார்கள், பாடத்தைச் சரியாக ஒப்பித்த பிள்ளைக்குத் தட்டுவது போல. பேசும்போது நான் மூன்றாம் வரிசையை இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் அப்பா, மேடையோரத்தில் தன் முறைக்குக் காத்திருந்த அத்தாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து நின்றாள். வந்தது.

"எங்க மாமா எனக்குச் சீர் கொண்டாந்தாரு. நீங்க எல்லாரும் பாத்தீங்க. எதிர்வீட்டு வரைக்கும் கொண்டாந்தாரு" என்றாள். கூடம் சிரித்தது, எதிர்வீட்டு அக்கா எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். "அத அவரு கடமைன்னு செய்யல. மனசு கேக்காம செஞ்சாரு. நான் கோர்ட்டுக்குப் போயி, மாமன் சீர் தரலன்னு வழக்குப் போட்டு, அவரு கொண்டாந்து வெச்சிருந்தா அதுக்குப் பேரு சீரா? எங்களுக்கும் இந்த நாட்டுக்கும் இருக்கறது அந்த மாதிரி உறவு. உறவுல கடமைன்னு ஒண்ணு வந்தாலே கணக்கு வந்துடும். அரசு எங்களுக்குக் கடமைன்னு ஒரே ஒருவாட்டிதான் செஞ்சுச்சு. ரெண்டு பெரிய வீட்டுக்காரங்க ஒக்காந்து, இது உனக்கு இது எனக்குன்னு பிரிச்சாங்க. எங்களக் கேக்கல. எங்கண்ணன் அந்தப் பங்கு. நான் இந்தப் பங்கு. அவன் கல்யாணத்துக்கு எங்கம்மா போவல. எட்டாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்காம். போன வாரந்தான் எனக்குச் சொன்னாங்க. கதவு தொறந்துதான் இருந்துச்சாம், எங்களுக்குத்தான் வீடு எங்க இருக்குன்னு தெரியல. அதனால அரசக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அன்பு இருந்தா வாங்க. கடமைன்னு இன்னொருவாட்டி வந்துடாதீங்க."

இரண்டு சங்கத்தாரும் சேர்ந்து கைதட்டினார்கள். செயலாளரின் கணிப்பு ஒருவகையில் பலித்துவிட்டது. அப்பா தட்டவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவளுடைய துயரத்தின் மீதே பொறாமை வந்தது என்று எழுதினால் படிப்பவருக்கு அருவருப்பாக இருக்கும். ஆயினும் வந்தது அதுதான். அவளிடம் ஒரு அண்ணன் இருந்தான், ஒரு கப்பல் இருந்தது, எரிந்த ஊர் இருந்தது. என்னிடம் நூலகத்தில் படித்த ஒரு பத்தி இருந்தது.

பையன்கள் இருவரும் பேசி முடித்தார்கள். தொடங்கியவர் என்ற முறையில் மறுமொழி சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. எழுதிவைத்திருந்த மறுமொழி, எதிர்க்கட்சி சட்டத்தைப் பேசும் என்று நம்பி எழுதியது. அதை மடித்து வைத்தேன். கூடத்தில் அம்மாவின் முகம் தெரிந்தது. அப்போது நான் பேசியது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

"சீர் வந்தது, மாமன் இருந்ததால்" என்றேன். "அன்புள்ள மாமன் இருந்ததால். ஒரே பஸ்ஸில் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டே வராத மாமன்களும் உண்டு. கடல் எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை; மனம் இல்லை, வரவில்லை. அந்தப் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்? கேட்க முடியாது. ஏனென்றால் அன்பைக் கேட்டு வாங்க முடியாது என்று எதிர்க்கட்சியே சொல்லிவிட்டது. மண்டபத்தில் இறங்கிய எல்லோருக்கும் ஆவடியில் மாமன் இல்லை. மாமன் இல்லாதவளுக்காகத்தான் அரசமைப்பு எழுதப்பட்டது. நேசிக்கப்படாதவளும் நிமிர்ந்து நின்று கேட்கக்கூடிய ஒன்று வேண்டும். அதற்குக் கடமை என்று பெயர். கேட்காமல் பிரித்தார்கள் என்றால், கேட்டிருக்க வேண்டியது அரசின் கடமை. அதிலிருந்து அது தவறியது. கடமை தவறியவனிடம் கடமையே வேண்டாம் என்பது, அவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது."

பெண்கள் பக்கத்திலிருந்து "கரீட்டா சொன்னே பாப்பா!" என்று எதிர்வீட்டு அக்காவின் குரல் வந்தது. என் மாமன் யார், எந்த பஸ் என்பது அந்தக் கூடத்தில் அவருக்கும் தெரியும். அம்மா குனிந்துகொண்டாள். அப்பா முகத்திலிருந்து துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதன்முறையாக, மேடையில் நிற்கும் என்னை.

நடுவர்கள் நெடுநேரம் குசுகுசுத்தார்கள். அதிகாரி அவளுக்கு, ஆசிரியர் எனக்கு என்பது உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரிந்தது. கடைசியில், உணர்ச்சியில் அவள் முந்தினாலும் வழக்கை வென்றது மறுமொழி என்று அறிவித்து, முதல் பரிசை எனக்குக் கொடுத்தார்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இரண்டாம் பரிசு அவளுக்கு, ஒரு டம்ளர். அவள் மேடையிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "கொன்னுட்ட புள்ள" என்றாள். மனதாரச் சொன்னாள். அதுவும் எனக்கு உவப்பாக இல்லை. வென்றவளை வாழ்த்தும் பெருந்தன்மையும் அவளிடமே போய்ச் சேர்ந்துவிட்டது.

கூட்டம் கலைந்தபின் அப்பா என்னிடம் வந்தார். அவர் என் தலையில் கை வைத்தார். பிறகு கூடத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"அவளுக்காக நல்லாப் பேசினம்மா."

நான் நின்றேன். மேலும் ஒரு சொல் வரும் என்று நின்றேன்.

"அவ வாயால இல்லைன்னு சொல்லச் சொல்ல எனக்கு ஈரக்கொல அந்துபோச்சு. நீ எந்திரிச்சு உண்டுன்னு சொன்ன பாரு, அப்பறந்தான் மூச்சு வந்துச்சு. அவளுக்கு நம்ம வீட்டுல ஒரு ஆள் இருக்குன்னு காட்டிட்டே."

என் வாதத்தை அவர் முழுவதுமாகக் கேட்டிருந்தார். அதில் வந்த பெண் யார் என்பதை மட்டும் கேட்டிருக்கவில்லை. நேசிக்கப்படாதவள் என்று நான் சொன்னபோதும் அவர் கண்ணுக்கு அவள்தான் தெரிந்தாள்.

வீட்டுக்கு வந்து அப்பா டிபன் பாக்ஸை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். மூடியை அழுத்தினார், திறந்தார். "நல்ல கனம்" என்றார். "ஆயி, இத நீ எடுத்துக்க. உன் டப்பா மூடி நெளிஞ்சு கெடக்கு, கொழம்பு ஒழுகிப் பையெல்லாம் நாறுது."

"அது அவ ஜெயிச்சது மாமா."

"அதனால என்ன? ஒரே வீடுதானே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பாக்ஸை வாங்கி என் புத்தகப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் கல்லூரி முடிந்து ரயிலைவிட்டு இறங்கியதும், அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போனேன். பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு ஒருவர் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக் குடம் ஒன்று அவர் மடியில் இருந்தது. அதை முடித்துவிட்டு என் பாக்ஸை வாங்கி மூடியைத் துடைத்தார்.

"பேரு சொல்லு கண்ணு."

சொன்னேன்.

"இனிசியலு?"

அதையும் சொன்னேன். அப்பாவின் பெயரின் முதலெழுத்து. அத்தாச்சிக்கு வேறு எழுத்து. நீலகிரியில் இருக்கும் அவள் அப்பாவின் எழுத்து. சீரோ சட்டமோ ஒப்பந்தமோ அதை மாற்ற முடியாது.

அவர் விரலால் மூடியை அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "பேரு பெர்சா கீதும்மா. ரெண்டும் வெட்டுனா அசிங்கமா பூடும். இனிசியல உட்டுட்டு பேர மட்டும் வெட்டிடவா?"

"பெயரை விட்டுவிடுங்கள்" என்றேன். "இனிஷியலை மட்டும் வெட்டுங்கள். பெரிதாக."